முன்பணம் வேண்டாம், முதலில் குழாயைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வாரியக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய திடல் குப்பைமேடாகிவிட்டது. பக்கச் சுவரில், சென்னை கண்ணகி நகர் அடுக்குமாடிகளில் இருப்பது போல ஓவியம் வரைந்து இடத்தை மீட்க நினைக்கிறோம். ஒருவர் கம்பெனி சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தருவதாகச் சொல்லி 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? ஓவியம் நிலைக்குமா?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

கொடுக்கவே கொடுக்காதீர்கள். சிஎஸ்ஆர் என்பது கம்பெனி தன் லாபத்திலிருந்து சமூக நலனுக்காகச் செலவழிக்க வேண்டிய பணம். அதற்கு உங்களிடம் எதற்குக் கட்டணம்? அறக்கட்டளை மூலம் வருகிறது என்றால் அதன் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணைக் கேளுங்கள். சிஎஸ்ஆர் பணத்தில் வேலை செய்யும் அறக்கட்டளைகள் மத்திய அரசிடம் செய்யும் பதிவு இது, 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். எண்ணைக் கேட்டதும் போனை எடுக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஒரு குடியிருப்பில் மகளிர் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் இன்றுவரை திரும்பவில்லை. நிதி உண்மையாகவே வந்தாலும், கம்பெனி லோகோ எத்தனை அடி என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் சுவர் விளம்பரப் பலகையாகிவிடும்.

கண்ணகி நகரில் 2020-இல் தெரு ஓவிய அமைப்பான ஸ்டார்ட் (St+art) இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸும் சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களைக் கொண்டுவந்தன. போட்டோவில் படம் தெரியும், சுவரின் ஈரம் தெரியாது. உங்கள் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் சுவர் ஈரம். கழிவுநீர்க் குழாய்க் கசிவை அடைக்காமல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உரிந்துவிடும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷனில் வரையுங்கள். புதுப் பூச்சு என்றால் 28 நாள் காயட்டும். மழை முடிந்து தை மாதத்தில் தொடங்கினால் நல்லது.

வாரியத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். குழாய்க்கு ஒரு மேசை, சுவருக்கு ஒரு மேசை, திடலுக்கு மாநகராட்சி என்று அலைய விடுவார்கள். ஒழுகும் ஒரு குழாய்க்காக வேலைக்குப் போகிறவர்களை இத்தனை படி ஏற வைப்பது அநியாயம். மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நாளை ஓவியம் பழசானால் அதன் மேல் வெள்ளையடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓவியர் சொந்தமாகக் கற்பனை செய்து வரைந்ததென்றால் கவனம் தேவை. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிப் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. சுவர் அரசாங்கத்துடையதாக இருந்தும் இதுதான் தீர்ப்பு. அதனால் "பராமரிப்புக்காக மேலே பூசலாம், முன்கூட்டித் தெரிவிப்போம்" என்று ஓவியரிடம் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அந்தத் திடல். சுவரில் படம் வந்துவிட்டால் குப்பை தானாகப் போகாது. ஆட்கள் உட்காரும் இடத்தில்தான் குப்பை விழாது. உங்கள் பிள்ளைகளில் பறையோ சிலம்பமோ பழகுகிறவர்கள் இருப்பார்கள். இல்லையென்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். அவர்கள் வாரம் இரண்டு மாலை திடலில் பயிற்சி செய்யட்டும். அந்த 25,000-இல் முதலில் இரண்டு விளக்கும் நாலு சிமென்ட் பெஞ்சும் போடுங்கள்.