படைக்கணக்கு கேட்ட சீர்திருத்தவாதி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் சங்கிலி அடிக்கும் தொழிலில் இருந்த பெண்களின் கூலி பற்றிய தங்கள் கட்டுரையில், 1909-ஆம் ஆண்டின் கூலி வாரியச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சர் சார்ல்ஸ் டில்க்கைப் பாராட்டியிருந்தீர்கள். அவரைப் பற்றி மேலும் தேடியபோது, அவர் தரைப்படை குறித்தும் கடற்படை குறித்தும் நூல்களே எழுதியவர் என்று அறிந்து திகைத்தேன். தொழிலாளர் பக்கம் நின்ற ஒருவர் போர்க்கப்பல்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட்டது முரண் அல்லவா? சட்டம் படித்த, ராணுவப் பணியில் ஒருநாளும் இராத ஒருவருக்கு அந்தத் துறையில் பேச என்ன தகுதி? அந்தப் பேரரசின் படைச்சுமையைத் தாங்கியவர்கள் நம் முன்னோர்கள் என்பதைத் தாங்கள் மறந்துவிட்டீர்களோ என்றும் தோன்றியது.

தங்கள் வாசகர்,
திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

டில்க் அரசியலில் பேரும் பகையும் சம்பாதித்தது ஒரு கணக்கைக் கேட்டதனால்தான். 1871 நவம்பரில் நியூகாசில் நகரில் பேசியபோது, அரச குடும்பத்துக்காக நாடு எவ்வளவு செலவிடுகிறது, அதில் வீணாவது எவ்வளவு என்று அவர் கேட்டார். அப்போது அவருக்கு வயது 28. குடியரசுவாதி என்ற முத்திரை அன்று விழுந்தது, அடுத்து அவர் பேசச் சென்ற ஊர்களில் கலவரமும் நடந்தது. பிற்காலத்தில் படைகளைப் பற்றி அவர் கேட்டவையும் பெரும்பாலும் இதே வகைக் கேள்விகள்தாம்: இவ்வளவு பணம் வாங்குகிறீர்களே, அதற்கு எங்களுக்குக் கிடைப்பது என்ன, அது கிடைக்காவிட்டால் யாரைக் கேட்பது? பட்டறைப் பெண்ணின் வாரக்கூலியைக் கேட்டவரும் பட்டாளத்தின் ஆண்டுச் செலவைக் கேட்டவரும் ஒருவரே என்பதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

தகுதி பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றத்தின் இசைவின்றி அமைதிக்காலத்தில் நிலையான தரைப்படை வைத்திருப்பது சட்டவிரோதம் என்று 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக, படைவீரர்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையே நாடாளுமன்றம் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தது. புதுப்பிக்காமல் விட்டால் தளபதி தன் சிப்பாயைத் தண்டிக்கும் அதிகாரத்தை இழந்துவிடுவார். ஆக, படை பற்றிப் பேசுவது ஓர் உறுப்பினரின் விருப்பப் பொழுதுபோக்கு அன்று. அவர் அங்கே அனுப்பப்பட்ட காரணங்களுள் ஒன்றே அது. நடைமுறையிலோ, தரைப்படைக்கும் கடற்படைக்குமான மானியக் கோரிக்கைகள் வந்த நாட்களில் பேச எழுந்தவர்களில் கணிசமானோர் ஓய்வுபெற்ற கர்னல்களும் அட்மிரல்களும்தாம். ஒவ்வொருவரும் தத்தம் படைக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். 1888-இல் கடற்படை நிர்வாகப் பதவியைத் துறந்த சார்ல்ஸ் பெரஸ்ஃபோர்டு பிரபு, அவ்வாண்டின் இறுதியில் அவையில் 70 கப்பல்கள் வேண்டும் என்று வாதிட்டார். 1889-இல் நிறைவேறிய கடற்படைப் பாதுகாப்புச் சட்டமும் 10 பெரிய போர்க்கப்பல்கள் உட்பட 70 கப்பல்களுக்கு 2 கோடியே 15 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. கேட்டவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் 70 ஏன், எந்தப் போருக்கு, அதே பணத்தில் தரைப்படையில் எதைக் குறைக்கலாம் என்பதையெல்லாம் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. டில்க் நுழைந்தது அந்த இடைவெளியில்தான்.

அவர் போரை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரின்போது பிரஷ்யப் படையின் மருத்துவ உதவிக் குழுவோடு சென்று போர்க்களத்தை நேரில் கண்டவர். படைகளைப் பற்றி முழுமூச்சாக எழுதும் ஓய்வை அவருக்குத் தந்ததோ ஓர் அவமானம். ஒரு மணமுறிவு வழக்கில் பெயர் அடிபட்டு, 1886-இல் செல்சீ தொகுதியை இழந்து, ஆறு ஆண்டுகள் அவைக்கு வெளியே இருந்தார். வருங்காலப் பிரதமர் என்று பேசப்பட்ட ஒருவர் அந்த ஆண்டுகளில் பட்டாளக் கணக்குகளில் தலையைப் புதைத்துக்கொண்டதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. 1888-இல் பிரிட்டிஷ் தரைப்படை பற்றிய நூல் வந்தது. 1892-இல், பத்திரிகையாளராக இருந்து பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் போர் வரலாற்றுப் பேராசிரியரான ஸ்பென்சர் வில்கின்சனோடு சேர்ந்து பேரரசின் பாதுகாப்பைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் மிகுந்த ஃபாரஸ்ட் ஆஃப் டீன் தொகுதி அவரை மீண்டும் அவைக்கு அனுப்பியது. 1911-இல் இறக்கும் வரை அவர் அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.

அவருடைய வாதத்தின் அடிப்படை எளியது. வெளிநாட்டுத் தானியத்தை உண்டு வாழும் ஒரு தீவு, கடலை இழந்துவிட்டால் கரையில் எத்தனை கோட்டைகளும் எத்தனை ஆயிரம் வீரர்களும் இருந்தாலும் பசியால் பணிந்துதான் ஆக வேண்டும். ஆகவே கடற்படையே முதலில், அதற்கு அடுத்ததே மற்றவை. தரைப்படையைப் பொறுத்தவரை அவருடைய குற்றச்சாட்டு கடுமையானது. பெருந்தொகை செலவிட்டும், நெருக்கடி வந்தால் உடனடியாகக் களத்துக்கு அனுப்பக்கூடிய படை மிகச் சிறியது என்றார். 1870-களில் போர்த்துறை அமைச்சர் கார்ட்வெல் வகுத்த ஏற்பாட்டின்படி, இணைக்கப்பட்ட இரு பட்டாலியன்களில் ஒன்று உள்நாட்டிலும் மற்றது இந்தியாவிலோ வேறு குடியேற்றத்திலோ இருக்க வேண்டும். வெளிநாட்டில் தேவை பெருகப் பெருக, உள்நாட்டுப் பட்டாலியன் மற்றதற்கு ஆள் அனுப்பியே வற்றிப்போய், அனுபவமில்லாத இளைஞர்களின் பயிற்சிக்கூடமாகச் சுருங்கியது. காகிதத்தில் படையாக இருந்தது களத்தில் படையாக இல்லை. இதைக் கண்டுபிடிக்கச் சீருடை தேவைப்படவில்லை, கணக்கேடுகளைப் பொறுமையாகப் படிப்பது போதுமானதாக இருந்தது.

1894-இன் தொடக்கத்தில் டில்க், வில்கின்சன், படைத்துறை அனுபவமுள்ள ஜார்ஜ் செஸ்னி, பின்னாளில் போர்த்துறை அமைச்சரான ஆர்னால்டு-ஃபார்ஸ்டர் ஆகிய நால்வரும் இரு கட்சித் தலைவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார்கள். இரு படைத்துறைகளுக்கும் ஒரே அமைச்சர் இருக்கட்டும், ஒவ்வொரு படைக்கும் அமைச்சரவைக்குப் பதில் சொல்லும் ஒரே தொழில்முறை ஆலோசகர் இருக்கட்டும் என்பது அதன் சாரம். இரு படைகளின் தேவைகளையும் சேர்த்துப் பார்க்கும் பேரரசுப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு 1902-இல்தான் உருவெடுத்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் தனித்தனித் துறைகள் ஒரே அமைச்சகத்தில் கலந்ததோ 1964-இல். இடையில் நடந்த இரண்டு உலகப் போர்களிலும் அந்தத் தனித்துறைகள் தனித்துறைகளாகவே இருந்தன.

கேள்வி கேட்பதால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1895 ஜூன் 21 அன்று, கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்து போதிய அளவு கையிருப்பில் இல்லை என்று குற்றம் சாட்டி, போர்த்துறை அமைச்சரின் சம்பளத்தில் 100 பவுண்டைக் குறைக்கும்படி ஒரு வெட்டுத் தீர்மானம் வந்தது. அது 7 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற, பிரதமர் ரோஸ்பெரியின் அரசே பதவி விலகியது. நம் மக்களவையில் இன்றும் 100 ரூபாய் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருகிறார்களே, அது இந்த மரபின் வழிவந்ததுதான்.

இந்தியா பற்றித் தாங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கப்போவதில்லை. 1888-இல் டில்க் இங்கே வந்தார். படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸின் அழைப்பின்பேரில் வடமேற்கு எல்லையைச் சுற்றிப் பார்த்தார். ரஷ்யா அந்த வழியாக வந்தால் எப்படித் தடுப்பது என்பதே அவருடைய கவலை. அந்த எல்லைக்கு இப்பால் வாழ்ந்தவர்களின் சம்மதம் அவருடைய திட்டத்தின் பகுதி அன்று. இந்தியாவில் நிறுத்தப்பட்டிருந்த ஏறத்தாழ 70,000 பிரிட்டிஷ் வீரர்களுக்கான செலவை இந்திய வருவாயே சுமந்தது. லண்டனின் கருவூலத்துக்காக அவர் கேட்ட கேள்வியை நமக்காகக் கேட்டவர் வேறொருவர். 1892 முதல் 1895 வரை அதே அவையில் மத்திய ஃபின்ஸ்பரி உறுப்பினராக அமர்ந்திருந்த தாதாபாய் நௌரோஜிதான் அவர். 1895-இல் அமைக்கப்பட்ட, வெல்பி ஆணையம் என்று அறியப்படும் இந்தியச் செலவு விசாரணை ஆணையத்திலும் அவர் உறுப்பினர். 1897-இல் அந்த ஆணையத்தின் முன் சாட்சியம் அளிக்க லண்டனுக்குச் சென்றவர்களில் கோகலேயோடு நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் இருந்தார். டில்க்கைப் பற்றி எழுதிய நான் சுப்பிரமணிய ஐயரைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரியும் எழுதவில்லை என்பது குறைதான். தங்கள் கடிதம் வந்த பிறகு அந்தச் சாட்சியத்தை மீண்டும் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்து அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்