மூச்சிரைப்பும் இடுப்புவலியும்: எந்த மாத்திரை, யாருக்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. நாற்பது வருடம் விறகு அடுப்பில் சமைத்தவர். சிஓபிடி (மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். இரைப்பு கூடும்போதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. இரண்டு வருடமாக இடுப்புவலி, காலுக்கும் இறங்குகிறது. எலும்பு டாக்டர் ப்ரீகாபலின் என்ற நரம்புவலி மாத்திரை எழுதினார். அதிலிருந்து பகலில் தூங்கி வழிகிறார். ராத்திரி தூக்கம் வராவிட்டால் எப்போதாவது அப்பாவின் தூக்க மாத்திரையில் பாதி கொடுப்போம். மார்ஃபின் கொஞ்சமாகக் கொடுத்தால் வலியும் மூச்சுத்திணறலும் சேர்ந்து அடங்கும் என்கிறார் என் மாமா. கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் மார்ஃபினைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கவலை, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பற்றி.

முதலில் அந்தப் பாதி மாத்திரை. எப்போதாவதுதானே கொடுக்கிறீர்கள், இன்றோடு நிறுத்திவிடுங்கள். தூக்க மாத்திரை, ப்ரீகாபலின் இரண்டுமே மூளையை மந்தமாக்குபவை. சேர்ந்தால் மூச்சு விடும் வேகமே குறையலாம். சிஓபிடி உள்ளவருக்கு அப்போது ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, பேச்சு குழறுகிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ப்ரீகாபலின் தனியாகவே யோசிக்க வேண்டிய மருந்துதான். சிஓபிடி உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் இதனால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. கனடாவின் கியூபெக் மாகாணப் பதிவுகளை அலசி 2024இல் வந்த ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்த சிஓபிடி நோயாளிகளுக்கு இரைப்பு கடுமையாக முற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 1.4 மடங்காக இருந்தது. சரி, வலியாவது குறையுமா? இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலி உள்ள 209 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது: மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட ப்ரீகாபலின் எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இந்த மருந்து அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

அப்புறம், இடுப்பு ஏன் வலிக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது அந்த ஸ்டீராய்டு மாத்திரை. அடிக்கடி எடுத்தால் எலும்பு மெலியும். 66 வயதில் குனிந்து குடம் தூக்கினாலே முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கிப் போகலாம், விழவே வேண்டாம். முதுகு கூன் விழுந்தால் நுரையீரல் விரிய இடமும் குறையும். வலி ஒரு டாக்டர், மூச்சு ஒரு டாக்டர் என்று பிரித்துக் காட்டும்போது நழுவிப் போவது இதுதான். முதுகெலும்பு எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேனும் கேளுங்கள். அதற்குள் பாராசிட்டமால் போதுமா என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இனி மாமாவின் மார்ஃபின். அவர் சொல்வது கட்டுக்கதை இல்லை. 2003இல் ஆஸ்திரேலியாவில் 48 பேருக்கு, பெரும்பாலும் சிஓபிடி நோயாளிகள், நான்கு நாள் மார்ஃபினும் நான்கு நாள் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மார்ஃபின் நாட்களில் திணறல் குறைந்தது. அதை நம்பி ஊரெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். அதே நாட்டில் 156 சிஓபிடி நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2022இல் வந்தது. தினம் 8 அல்லது 16 மில்லிகிராம் கொடுத்தும் ஒரு வாரத்தில் மோசமான திணறல் குறையவில்லை. பின்னர் பிரிட்டனில் நடந்த ஆய்விலும் அதே கதை. நோய் முற்றி வேறு வழியில்லாதபோது நிபுணர் பக்கத்தில் இருந்து கொடுப்பது வேறு. ப்ரீகாபலினிலேயே தூங்கி வழியும் உங்கள் அம்மாவுக்கு இப்போது வேண்டாம்.

திணறலுக்கு வீட்டிலேயே ஒன்று செய்யலாம். 2010இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 50 பேருக்குச் சின்னக் கைமின்விசிறியை முகத்தில் வீசினார்கள், காலிலும் வீசினார்கள். முகத்தில் வீசியபோதுதான் திணறல் குறைந்தது. பனையோலை விசிறியே போதும் என்பது என் எண்ணம். இரைப்பு வந்தால் அம்மாவை முன்பக்கம் சாய்ந்து உட்காரவைத்து, மார்புக்கு வேண்டாம், மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராக ஐந்து நிமிடம் வீசிப் பாருங்கள்.