மின்சாரக் காரின் 12 வோல்ட் பேட்டரி: கேள்வி பதில்

துணை பேட்டரி பற்றி மட்டும் கேளுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதிலும் கை வைக்காதீர்கள்.

கே: பெரிய பேட்டரியில 80% இருக்கு. வண்டி உயிரே காட்டலை. எப்படி சார்?

ப: பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் மூடவே 12 வோல்ட் வேண்டும். அது படுத்துவிட்டால் 80 இருந்தென்ன, 8 இருந்தென்ன.

கே: வீட்டுலயே எப்படிச் சோதிக்கிறது?

ப: லெட் ஆசிட், ஏ.ஜி.எம். (கண்ணாடி இழைப் பாயில் ஆசிட் ஊறியிருக்கும் லெட் ஆசிட்) வகைகளுக்குச் சொல்கிறேன். பானெட்டைத் திறந்துவைத்து, கதவுகளைப் பூட்டி, சாவியைத் தள்ளி வையுங்கள். பானெட் திறந்திருந்தால் சில வண்டிகள் தூங்காது, உள்ளே மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். லாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியதுபோல் ஏமாற்றுங்கள். (பிறகு விடுவிக்க மறந்தால் பானெட் மூடாது.) ஆறு மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வையுங்கள். 12.6க்கு மேல் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி. ஏ.ஜி.எம்.மில் இவை சற்றுக் கூடுதலாக இருக்கும்.

ஆனால் இது குடத்தில் எவ்வளவு தண்ணீர் என்றுதான் சொல்லும். குடம் எவ்வளவு பெரிசு என்று சொல்லாது. அதற்கு முழுசாகச் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பைப் பாடி எர்த்தில் (வண்டியின் உலோக உடலில்) மாட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டினால், ஏறிய சார்ஜை அங்குள்ள சென்சார் கணக்கில் சேர்க்காது. பிறகு நெகட்டிவ் முனையைக் கழற்றி, 55 வாட் ஹாலஜன் பல்பைப் பேட்டரியில் நேராக மாட்டி இரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். சுமார் 9 ஆம்பியர்-அவர் (குடத்தின் அளவைச் சொல்லும் அலகு) போகும். பல்பு கொதிக்கும், பிளாஸ்டிக் மேல் வைக்க வேண்டாம். பல்பைக் கழற்றி, பேட்டரியை ஒரு மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 45 ஆம்பியர்-அவர் பேட்டரி 12.4 பக்கம் நிற்க வேண்டும். 12.1க்கு இறங்கினால் மாற்றிவிடுங்கள்.

கே: வண்டியை அணைச்சதும் 12.9 காட்டுது. நல்லதுதானே?

ப: அது சர்ஃபேஸ் சார்ஜ், சார்ஜ் ஏறியதும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் காட்டும் பொய் அளவு. ஆறு மணி நேரம் கழித்து அளங்கள்.

கே: மெக்கானிக் டெஸ்டர்ல சி.சி.ஏ. அருமையா வந்துச்சு. இவ்வளவு பாடு எதுக்கு?

ப: சி.சி.ஏ. என்பது குளிரில் இன்ஜினைச் சுழற்ற எவ்வளவு ஆம்பியர் தரும் என்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான கணக்கு. உங்கள் வண்டியில் ஸ்டார்ட்டரே கிடையாது.

கே (அவரே): உள்மின்தடை ஏறினா டெஸ்டர் காட்டிக்கொடுக்குமே?

ப: காட்டும், ஒத்துக்கொள்கிறேன். டெஸ்டர் ‘ஃபெயில்’ என்றால் நம்புங்கள். ‘பாஸ்’ என்றால் நம்பாதீர்கள். கொள்ளளவு பாதியாகியும் பாஸ் ஆகும்.

கே (இன்னொருவர்): பெட்ரோல் வண்டின்னா இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகி முன்னாடியே சொல்லிடும்.

ப: அதேதான். இதில் நேற்றுவரை ஓடியது இன்று திறக்காது.

கே: சார்ஜ் போட்ட உடனே 13.1. புதுசு மாதிரி இருக்கே அண்ணா!

ப: மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

கே: பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டைச் சார்ஜ் பண்ற டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் வேலை செய்யுதான்னு எப்படிப் பார்க்கிறது?

ப: வண்டியை ‘ரெடி’யில் வைத்து ஹெட்லைட் போட்டு அளங்கள். 13.5 முதல் 14.7 வரை சரி. 12.5லேயே நின்றால் குற்றம் பேட்டரியில் இல்லை.

கே: லித்தியம் மாட்டலாமா?

ப: தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும்.

கே: தினமும் இறங்குது. ஆப்ல அடிக்கடி சார்ஜ் பார்ப்பேன்.

ப: ஒவ்வொரு முறையும் வண்டியைத் தட்டி எழுப்புகிறீர்கள். ஒரு வாரம் ஆப்பைத் தொடாமல் அளந்து பாருங்கள்.

கே: எனக்கு 13.0 வருது.

ப: அணைத்து எவ்வளவு நேரம் கழித்து?

கே: உடனே.

ப: ஆறு!