ஸ்காக்வேயில் ஒரு பகல்: ரயிலா, கடைத்தெருவா?

கேள்வி: ஜூலையில் அலாஸ்கா கப்பல் பயணம் போகிறோம். ஸ்காக்வேயில் காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்கும். கூட வரும் அம்மாவுக்கு 70 வயது, அதிகம் நடக்க முடியாது. ரயில் கட்டணத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஊரை மட்டும் சுற்றிப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. வேறு எந்தச் செலவையாவது குறைத்துக்கொண்டு வைட் பாஸ் கணவாய்க்கு ஏறும் மலை ரயிலில் போய் வாருங்கள். உட்கார்ந்தே பார்க்கலாம் என்பதால் அம்மாவுக்கும் அதுதான் வசதி.

தங்க வேட்டைக்குப் பெயர்போன ஊர் என்றாலும், ஸ்காக்வேயில் தங்கம் கிடைத்ததே இல்லை. 1896-இல் அது அகப்பட்டது கனடாவின் க்ளோண்டைக் பகுதியில். இன்றைய சாலையில் போனாலே 700 கி.மீ. தூரம். மறு ஆண்டு செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி வந்து இறங்கிய துறைதான் இந்த ஊர். அசல் கஷ்டம் அதற்குப் பிறகு. ஓராண்டுக்கான உணவும் சாமானும் இல்லாதவர்களைக் கனடாக் காவல்படை எல்லை தாண்ட விடவில்லை. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன்! அதைச் சுமந்து வைட் பாஸ் கணவாய் ஏறிய குதிரைகளில் சுமார் 3,000 வழியிலேயே செத்தன. அந்த மலைச்சரிவைப் பார்க்காமல் கடைத்தெருவில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் இந்தக் கதை பிடிபடாது.

ரயில் பாதையை 1898-இல் போடத் தொடங்கி 1900-இல் முடித்தார்கள். அதற்குள் தங்க வேட்டையே ஓய்ந்துவிட்டது, அது வேறு கதை. கடல் மட்டத்தில் கிளம்பி, 32 கி.மீ.க்குள் 873 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. போய்வர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது இடப்பக்க இருக்கை நல்லது. கணவாய் உச்சி வரை போய்த் திரும்பும் பயணத்தையே எடுங்கள். ஃப்ரேசர், கார்க்ராஸ் வரை போகும் பயணங்கள் கனடாவுக்குள் போகின்றன. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசாவும், திரும்பி நுழைய இடம் தரும் அமெரிக்க விசாவும் வேண்டும்.

மதியம் ஊருக்கு. பழைய ரயில் நிலையத்தில், க்ளோண்டைக் தங்க வேட்டையின் நினைவாக அமைந்த தேசியப் பூங்காவின் இலவசக் காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். பிராட்வே தெரு சமதளம்தான், அம்மா மெதுவாக நடக்கலாம். கடலில் ஒதுங்கிய மரக்குச்சிகளை ஆயிரக்கணக்கில் பதித்த முகப்புள்ள ஆர்க்டிக் பிரதர்ஹுட் மண்டபமும் அங்கேதான். ஊரையே ஏய்த்த சோப்பி ஸ்மித், 1898 ஜூலையில் துறைமுகத்தில் அவனோடு துப்பாக்கிச் சண்டையிட்ட ஃபிராங்க் ரீட், இருவரின் கல்லறைகளும் ஊருக்கு வெளியே உள்ளன. பார்க்க ஆசையென்றால் டாக்சி பிடியுங்கள். நகைக்கடைகளைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

ஜூலையானாலும் காற்று பலமாக அடிக்கும். அம்மாவுக்குக் காது மூடும் தொப்பி எடுத்து வையுங்கள். அப்புறம், அலாஸ்கா நேரம், பல கப்பல்கள் கிளம்பும் சியாட்டிலைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று இறங்கும் முன் கேட்டுக்கொண்டு ரயில் நேரத்தைச் சரிபாருங்கள்.