பழைய சார்ட்டர் கேட்டமரான்: அட்லாண்டிக் தாங்குமா?

கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் விலைக்கு வந்திருக்கும் 2012-ஆம் வருட 40 அடி சார்ட்டர் கேட்டமரானுக்கு (வாடகைக்கு விட்ட, இரண்டு உடல் கொண்ட பாய்ப்படகு) பெருங்கடலுக்கு ஏற்ற வடிவமைப்பு என்னும் ஐரோப்பிய 'ஏ' பிரிவு இருக்கிறது, அட்லாண்டிக் கடக்கப் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பிரிவு வடிவமைப்புக்குத் தந்தது. இத்தனை வருடம் வாடகைக்கு ஓடிய படகின் இன்றைய நிலையை அது சொல்லாது.

முதலில் தரைப்பலகை, கட்டிலடி எல்லாம் திறந்து, பாய்மரத்தின் கீழுள்ள குறுக்குச்சுவரைப் பாருங்கள். அலையில் இரண்டு உடல்களும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கும்போது அந்த விசையில் பெரும்பங்கைத் தாங்குவது இந்தச் சுவர்தான். அது உடலோடு சேரும் இடத்தில் ஃபைபர் பட்டை உரிந்திருந்தாலோ, ஒட்டுப்பலகை கறுத்திருந்தாலோ பேரமே பேசாதீர்கள். அலமாரி மறைக்கிறது என்று புரோக்கர் இழுத்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

அப்புறம் மேல்தளம். அதன் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் பால்சா என்ற லேசான மரம் இருந்தால், கைப்பிடிக் கம்பிகளின் அடியைச் சுற்றி படகைச் சோதிக்கும் சர்வேயரை ஈரம் அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டு உடல்களையும் இணைக்கும் நடுத்தளத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியை முழுச் சுமையோடு அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் எதிரலையில் அடிவயிறு அறைந்துகொண்டே வரும், ராத்திரி தூக்கம் போகும். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் இன்னும் பழையவையா? மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.