அமெச்சூராக மாற 30 நாள்: எந்தத் தேதியிலிருந்து?

தம்பியோட தொழில்முறை கால்பந்து ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிஞ்சதால, உள்ளூர் லீக்குல அமெச்சூரா (சம்பளம் வாங்காத வீரரா) ஆட ஏப்ரல் முழுக்கக் காத்திருக்கணுமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் சகோ. ஃபிஃபா விதிப்படி தொழில்முறை வீரர் அமெச்சூரா பதிய 30 நாள் காத்திருக்கணும்; ஆனா அந்த 30 நாளை, தொழில்முறை வீரரா கடைசியா ஆடிய ஆட்டத்திலிருந்துதான் எண்ணணும். பிப்ரவரி 10-ல் ஆடியதே கடைசின்னா, மார்ச் நடுவுலயே கெடு முடிஞ்சாச்சு.

ஆனா பலர் மாட்டுறது வேற இடத்துல. புது கிளப் எழுத்துல ஒப்பந்தம் போட்டு, பயணம், தங்குற செலவுக்கு மேல காசு கொடுத்தா, படிவத்துல 'அமெச்சூர்'னு டிக் அடிச்சாலும் அவர் தொழில்முறை வீரர்தான்.

ஒரே சீசன்ல மூணு கிளப்புல பதியலாம். அதிகாரபூர்வ ஆட்டம் ரெண்டு கிளப்புக்குத்தான். லோன்ல (தற்காலிகமா வேற கிளப்புக்கு) போன இடத்துல கடைசி அஞ்சு நிமிஷம் மாற்று வீரரா இறங்கியிருந்தாலும் அதுல ஒண்ணு காலி. அதை முதல்ல பாருங்க.

தம்பிக்கு வயசு 21ங்கிறதால இன்னொரு சிக்கல்: 30 மாசத்துக்குள்ள மறுபடி தொழில்முறைக்குத் திரும்பினா, எடுக்கிற கிளப் பயிற்சி இழப்பீடு (அவரைப் பயிற்றுவிச்ச கிளப்புக்குக் கொடுக்கிற தொகை) கட்ட வேண்டி வரலாம். சின்ன கிளப்புகள் அதுக்கே பின்வாங்கும். இழப்பீடு கேட்க மாட்டோம்னு பழைய கிளப்கிட்ட இப்பவே எழுதி வாங்கிடுங்க.