நடக்கச் சிரமப்படும் மாமியாரோடு தீம் பார்க் போவது எப்படி? முதலில், பையை அவர் மடியில் வைக்காதீர்கள்

‘நடக்கச் சிரமப்படும் மாமியாரையும் பிள்ளைகளையும் தீம் பார்க் அழைத்துப் போகிறோம், எப்படித் திட்டமிடுவது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பூங்கா என்று சொல்லவில்லை. நம் ஆட்களில் பாதிப் பேருக்குப் பாரிஸில் யாராவது இருப்பார்கள். ஆகவே டிஸ்னிலாண்டாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். வேறு பூங்கா என்றால் பாதியை விட்டுவிடுங்கள்.

நாங்கள் திருகோணமலை, உவர்மலை. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. 2017இல் பாரிசவாதம் வந்ததிலிருந்து இடது கால் இழுக்கும்; வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடப்பார். 2019 ஒக்டோபரில் பாரிஸில் இருக்கும் தம்பி வரச் சொன்னபோது, "பாரிசவாதக்காரியைப் பாரிசுக்குக் கூப்பிடுகிறான்" என்று அவரே சிரித்தார். கோணேசர் கோயில் ஏற்றமே ஏற முடியாதவரை அவ்வளவு தூரம் இழுத்துப்போய் என்ன காட்டப்போகிறாய் என்று உறவுக்காரர் கேட்டார்கள். இங்கேயும் ஒருவர் கேட்பார். டிக்கெட் தம்பியின் காசு, ஆசை அம்மாவின் ஆசை. உங்களுக்கு இதில் என்ன நட்டம் என்று எனக்குத் தெரியவில்லை.

விமானப் பயணம் பயந்த அளவுக்கு இல்லை. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவைத்தால் போதும், தனிக் கட்டணம் இல்லை. பாரிஸ் நகருக்குள்தான் சிக்கல். அங்கே மெத்ரோ என்ற சுரங்க ரயிலில் முழுக்க மின்தூக்கி உள்ள தடம் 14ஆம் இலக்கம் ஒன்றுதான். மற்றவற்றில் படிதான், படிக்கு மேல் படி. டிஸ்னிலாண்டுக்கு ஆர்.ஈ.ஆர். ஏ என்ற புறநகர் ரயிலில் போங்கள். அதன் ஒரு கிளையின் கடைசி நிலையமே பூங்கா வாசலில்தான் இருக்கிறது.

வாசலில் நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். முதல் நாள் அம்மா அதைத் தொடவே இல்லை.

"வேண்டாம், ஆட்கள் பார்ப்பார்கள்."

"இங்கே உங்களைத் தெரிந்தவர்கள் யார் அம்மா?"

அவர் விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. காலை பதினொரு மணிக்கே கால் ஓய்ந்து ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு நாங்கள் செய்ததைத்தான் நீங்கள் செய்யக்கூடாது. நான்கு குளிர்ச்சட்டைகள், பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்கள், மச்சாள் விடிய எழும்பிக் கட்டிய இடியப்பப் பொதி, எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் குவித்தோம். "இருங்கள் அம்மா, ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறோம்" என்றோம். வரிசை எழுபது நிமிடம். திரும்பி வந்தபோது, பெரிய பையின் வாரை நல்ல கையின் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தபடி, விட்டுப்போன அதே இடத்தில் அதே மாதிரி இருந்தார். மலசலகூடத்துக்குக்கூடப் போகவில்லை. பையை யார் பார்ப்பது?

மூவாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு அம்மாவைக் காவல் வைத்திருக்கிறோம். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பைகளை வீட்டிலேயே விட்டோம், நாற்காலி எடுத்தோம். அம்மா மறுக்கவில்லை, கால் வலி அவருக்குப் பதிலாகப் பேசிவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை அட்டை உண்டு, ஆனால் அத்தாட்சி காட்ட வேண்டும். வைத்தியரின் கடிதத்தைத் தம்பி பிரெஞ்சில் மொழிபெயர்ப்பித்து வைத்திருந்தான். நீங்களும் அசலோடு கொண்டுபோங்கள், நடப்பு விதியை ஒருமுறை பூங்காவின் இணையத்தளத்தில் பாருங்கள். அட்டை இருந்தால் காத்திருக்கவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். சவாரி நடுவில் நின்றால் பத்திரமாக இறக்க வேண்டும் என்பதால் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று எண்ணி ஏற்றுவார்கள். பல சவாரிகளில் நாற்காலியை விட்டு எழுந்து மாறி உட்கார வேண்டும், கூடவே உடல் வலு உள்ள ஒருவர் வேண்டும். மழை வந்தால் பூங்காவின் பிரதான வீதிக்கு இரு பக்கமும் கூரை போட்ட நடைவழி இருக்கிறது. சக்கரம் வழுக்காது.

அம்மாவுக்குப் பிடித்தது உலக நாட்டுப் பொம்மைகள் பாடும் படகுச் சவாரி. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அவர் பாதையில் ஏறித்தான் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார். (வெளியூர் ஆட்களுக்கு: பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை.) படகு அசைந்ததும் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாதைக்காரன் இவ்வளவு மெதுவாக விட்டிருந்தால் நான் ஒரு நாளும் மணியடிக்க முன்னம் போயிருக்க மாட்டேன்" என்றார். இரண்டு முறை ஏறினோம்.

வெளியே வந்தபோது ஒரு பெண் ஓடி வந்தார். "டீச்சர், நீங்கள் உவர்மலை டீச்சர்தானே?" அம்மா பயந்தது நடந்தேவிட்டது. அந்தப் பெண் நின்றுகொண்டு பேசாமல் ஈரத்தரையில் குந்தி அம்மாவின் முகத்துக்கு நேரே பேசினார். அம்மா நாற்காலியைப் பற்றி ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கையெழுத்து இப்போதாவது திருந்தியதா என்றுதான் கேட்டார்.

இதைச் சொன்னால் வெள்ளைக்காரன் நாட்டைப் புகழ்கிறேன் என்பீர்கள். அங்கேயும் முகம் சுளித்தவர்கள் உண்டு, சாப்பாட்டு விலை கொள்ளை. ஆனால் அந்த வைத்தியர் கடிதத்துக்கு முத்திரை வாங்க எங்கள் ஊரில் ஓர் அரச அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துப்போன கதையைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. பிரிவு மேல்மாடியில். ஆளை நேரில் காட்ட வேண்டுமாம். பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்று இலங்கையில் 2006இலேயே விதிமுறை வந்தது, 2011இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. அந்த வாசலிலும் ஒரு சாய்தளம் இருந்தது. ஏறும் இடத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போய்க் கேட்டேன். "அது எங்கள் ஐயாவுடையது, வெயிலில் நிறுத்த முடியாதே" என்றார்கள். போன வாரம் வேறு வேலையாகப் போனேன். மோட்டார் சைக்கிள் புதிது, இடம் அதேதான்.